உண்ட மயக்கமும் உண்ணாத மயக்கமும்: கம்பம் பள்ளத்தாக்கின் களைப்புக் கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை நீங்க மத்தியானம் மூணு மணிக்குக் கேட்டுட்டு இருந்தா, நடுவுல ஒரு கொட்டாவி விட்டாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். ஏன்னா இன்னைக்கு நம்ம பேசப்போறதே அந்தக் கொட்டாவியைப் பத்தித்தான்.

எனக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம் பக்கம். இப்ப சென்னையில, ஓ.எம்.ஆர்ல வேலை. ஆபீஸ் கேன்டீன்ல ஒரு மணிக்குச் சாப்பாடு: ஒரு தட்டு நிறையச் சோறு, சாம்பார், ரசம், ஓரமா ஒரு ஸ்பூன் பொரியல், ஒரு அப்பளம். ரெண்டரை ஆச்சுன்னா கண்ணு சொருகும். மூணு மணி மீட்டிங்ல நான் கேமராவை ஆஃப் பண்ணிடுவேன். "உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு"ன்னு பழமொழி சொல்லிச் சிரிச்சுட்டுப் போயிடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன்.

போன வருஷம் ஒரு நாள், அதே மூணு மணிக்கு ஊர்ல இருந்து போன். அம்மா ஏலத்தோட்டத்துல வேலை செய்யுறப்ப மயங்கி விழுந்துட்டாங்க. ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்தா ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12-க்கு மேல இருக்கணும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாளா இப்படி அசதியா இருக்கு?" அம்மா சொன்ன பதில்: "எப்பவுமே இப்படித்தானே சார்."

அந்தப் பதில் என்னைத் தூங்க விடல. ஏன்னா சின்ன வயசுல, சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து அம்மா சுருண்டு படுத்துக்கும்போது, "எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கியே"ன்னு நானே சொல்லியிருக்கேன்.

என் களைப்பும் அம்மா களைப்பும் ஒண்ணா? ரெண்டும் சோத்துல இருந்து வர்றதுதானா? இதைத் தேடிப் போனப்ப, ஒரு அணை, ஒரு பஞ்சம், மலேயாவுல ஒரு மனநல மருத்துவமனை, குன்னூர்ல சில எலிகள்னு எங்கெங்கேயோ போய் நின்னேன். வாங்க, வரிசையாப் போவோம்.

ஒரு ராத்தல் தானியம்

முதல்ல 1876-க்குப் போகணும். அப்ப தேனி மாவட்டம்னு ஒண்ணு கிடையாது. எல்லாம் மதுரை ஜில்லா. கிழக்கே வைகையை நம்பியிருந்த நிலம் முழுக்க மழையை நம்பி இருந்தது. 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தை நம்ம ஊர்ல தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்க. சென்னை மாகாணம் முழுக்க லட்சக்கணக்கான பேர் செத்தாங்க.

அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. ரோடு போடுறது, குளம் வெட்டுறது. வேலை செஞ்சா கூலி. அந்தக் கூலி எவ்வளவு இருக்கணும்கிறதுலதான் பெரிய சண்டை வந்தது.

சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்சச் செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள். 1877-ன் தொடக்கத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டார். நாள் முழுக்க உடல் உழைப்பு செய்யும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், கூட ஒரு அணா காசு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு ராத்தல்னா ஏறத்தாழ 450 கிராம். இன்னைக்கு நம்ம போன்ல இருக்கிற கலோரி ஆப்ல போட்டுப் பாருங்க: தானியத்துல இருந்து மட்டும் சுமார் 1,600 கலோரி வரும். வெயில்ல மண் வெட்டுற ஒரு ஆளுக்கு 3,000-க்கு மேல வேணும். பாதிதான் கையில இருக்கு. மிச்சத்துக்கு அந்த ஒரு அணா. பஞ்ச விலையில ஒரு அணாவுக்கு என்ன கிடைச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதை எதிர்த்தவர் வில்லியம் கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர். "கடுமையாக வேலை வாங்கினால் ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அது மட்டும் போதாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும்" என்பது அவர் வாதம். பல வாரச் சண்டைக்குப் பிறகு மாகாண அரசு பாதி வழிக்கு இறங்கி வந்தது. தானியம் ஒன்றே கால் ராத்தலாக உயர்ந்தது. கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது ஒரு விஷயம். நம்ம ஊர்ல உழைக்கிறவன் உடம்புக்கு எவ்வளவு சாப்பாடு வேணும்னு அரசாங்கம் கணக்குப் போட்ட பழைய ஆவணங்கள்ல இதுவும் ஒண்ணு. அதுலயே ரெண்டு பார்வையும் இருக்கு. ஒருத்தர் பார்வையில களைச்சு உட்கார்றவன் சோம்பேறி, அவனுக்குக் கூலியைக் குறைக்கணும். இன்னொருத்தர் பார்வையில களைச்சு உட்கார்றவனுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. நூத்தி ஐம்பது வருஷம் ஆச்சு. அம்மாகிட்ட நான் சொன்ன வார்த்தையை நினைச்சுப் பார்த்தா, நான் எந்தப் பக்கம் நின்னேன்னு உங்களுக்கே புரியும்.

தண்ணி வந்தது, நெல்லு வந்தது

மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு அரபிக்கடலுக்கு ஓடிக்கிட்டு இருந்தது. அதைத் திருப்பி வைகைப் பக்கம் கொண்டு வரணும்கிற யோசனை பழசுதான். பஞ்சம் அதுக்கு அவசரம் கொடுத்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை தொடங்கியது. கர்னல் ஜான் பென்னிகுவிக் தலைமையில், காட்டுக்குள்ளே, காய்ச்சலிலும் காலராவிலும் நிறையத் தொழிலாளர்கள் இறந்து இறந்து கட்டிய அணை அது. மலையைக் குடைந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு நீர்வழி. 1895 அக்டோபர் 10-ல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

எங்க ஊர்ல பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக்னு பேர் வச்சவங்க இருக்காங்க. பாலார்பட்டியில அவர் பேர்ல பொங்கல் வைக்கிறாங்க. லோயர் கேம்ப்ல மணிமண்டபம் இருக்கு. வெள்ளைக்காரன் ஒருத்தனைச் சாமி மாதிரிக் கும்பிடுறாங்களேன்னு வெளியூர் நண்பர்கள் ஆச்சரியப்படுவாங்க. அந்தத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி அங்க வாழ்ந்திருந்தா ஆச்சரியப்பட மாட்டாங்க.

இன்னைக்கும் லோயர் கேம்பில் இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். தண்ணி இருந்தா ஜூன் மாசம் முதல் போகத்துக்குத் திறந்து விடுவாங்க. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டின்னு ரோட்டு ரெண்டு பக்கமும் பச்சை. நீங்க தேக்கடி போற வழியில செல்ஃபி எடுத்தீங்களே, அதே வயல்தான்.

நெல்லு வந்துச்சு, சரி. சோறு யாருக்கு வந்துச்சு?

எங்க அம்மாச்சிக்கு இப்ப எண்பதுக்கு மேல. வாய்க்கால் பாயாத மேட்டுப் பக்கத்துல பொறந்தவங்க. பத்துப் பன்னெண்டு வயசுல இருந்து வயக்காட்டுல நாத்து நட்டவங்க. "நெல்லுச்சோறு எப்ப சாப்பிடுவீங்க அம்மாச்சி?"ன்னு கேட்டா, விரல் விட்டு எண்ணுவாங்க. தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, கல்யாண வீடு. "நட்டதெல்லாம் நெல்லு, தின்னதெல்லாம் சோளமும் கம்பும் கேப்பையும்"னு சொல்வாங்க. அறுப்புக்குக் கூலியா நெல்லு கிடைச்சாலும், அதை வித்துட்டுச் சோளம் வாங்குவாங்களாம். அதே காசுக்குச் சோளம் ரெண்டு நாள் கூட ஓடும்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன். ஏன்னா இப்ப இந்த இடத்துலதான் எல்லா ரீல்ஸும் "பாத்தீங்களா, நம்ம முன்னோர் சிறுதானியம் சாப்பிட்டாங்க, களைப்பே தெரியாம உழைச்சாங்க"ன்னு முடிச்சுடும். இதை அம்மாச்சிகிட்டச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "களைப்பு தெரியலயா? யாரு சொன்னா? காலையில கம்மங்கூழைக் குடிச்சுட்டு வயல்ல இறங்கினா உச்சி வரைக்கும் தாங்கும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பச்சத்தண்ணிதான். ராத்திரிக் களியைக் கிண்டுறப்பவே தூங்கி விழுவேன்."

கம்மங்கூழ் நல்ல சாப்பாடுதான், அதுல சந்தேகமில்ல. கம்பில் இரும்புச் சத்தும், கேப்பையில் கால்சியமும் தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு அதிகம். மாவைக் கரைச்சுப் புளிக்க வைக்கிறதால, தானியத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு வச்சுக்கிற சில பொருட்கள் உடைஞ்சு, உடம்புக்குச் சத்து கொஞ்சம் எளிதா கிடைக்கும். அதையெல்லாம் அம்மாச்சி அனுபவத்துல தெரிஞ்சு வச்சிருந்தாங்க. ஆனா அவங்க களைப்புக்குக் காரணம் தானியத்தோட வகை இல்ல. அளவும், ஒரு நாளைக்கு எத்தனை வேளைங்கிறதும்தான்.

முடியல, முடியல

இப்ப ஒரு கடல் தாண்டுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், அரிசி சாப்பிடும் ஆசியா முழுக்க ஒரு நோய் பரவியது. கால் மரத்துப் போகும். நடக்க முடியாது. சிலருக்கு உடம்பு வீங்கும், இதயம் நின்று போகும். பேர் பெரிபெரி. சிங்களத்தில் இருந்து வந்த சொல், "முடியல, முடியல" என்று அர்த்தம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். களைப்பையே பேரா வச்ச ஒரு நோய்!

டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர் ஆராய்ச்சிக்காகக் கோழி வளர்த்தார். கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டார்கள். கோழிகள் கால் மடங்கி விழுந்தன. பிறகு வந்த சமையல்காரர், "ராணுவத்து அரிசியைக் கோழிக்கெல்லாம் தர முடியாது" என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. ஒரு கறாரான சமையல்காரர் கொடுத்த துப்பு, 1929-ல் நோபல் பரிசு வரைக்கும் போச்சு.

நம்ம கதைக்கு முக்கியமான இடம் மலேயா. அங்கே தகரச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள். ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்நாட்டில் இருந்து கூட்டிப் போன தமிழர்கள். ரெண்டு பேரும் சோறுதான் சாப்பிட்டார்கள். ஆனால் பெரிபெரி சீனர்களை வாரிக்கொண்டு போனது. தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. ஏன்? பிராடன் என்ற மருத்துவர் அரிசியைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமில் இருந்து வந்த, இயந்திரத்தில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி.

1905-ல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசி, இன்னொரு பாதிக்குப் புழுங்கலரிசி. இடத்தில் கோளாறா என்று பார்க்க நடுவில் கட்டடத்தையும் மாற்றினார். நோய் பச்சரிசிப் பாதியைத்தான் தாக்கியது. அதில் பலர் இறந்தார்கள். அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்ட விஷயத்துக்கு அவங்க உயிர் விலை.

காரணம் இதுதான். நெல்லோட தவிட்டுல பி1 வைட்டமின், அதாவது தயமின், இருக்கு. மாவுச் சத்தை உடம்பு சக்தியா மாத்துறதுக்கு அது கட்டாயம் வேணும். மெஷின்ல தீட்டினா தவிடு போயிடும், பி1-ம் போயிடும். ஆனா நெல்லை ஊற வச்சு அவிக்கும்போது, தவிட்டுல இருக்கிற சத்து உள்ள அரிசிக்குள்ள இறங்கிடும். அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். வண்டி டேங்க்ல பெட்ரோல் நிறைய இருந்தும் தீப்பொறி இல்லைன்னா எப்படி? பி1 இல்லாத சோறு அப்படி.

அம்மாச்சி வீட்டு முத்தத்துல நெல்லு அவிக்கிற அந்தப் பெரிய கொப்பரை, அந்த வாசனை. சின்ன வயசுல எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கடல் தாண்டிப் போன எத்தனையோ பேரைக் காப்பாத்துன வாசனை அதுன்னு இப்பத்தான் தெரியுது.

குன்னூர் எலிகள்

புழுங்கலரிசி பெரிபெரியில் இருந்து காப்பாத்துச்சு. அதுக்காக நம்ம சாப்பாடு நல்ல சாப்பாடுன்னு ஆயிடுமா?

1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் அந்த அறைதான். 1920-களில் அவர் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சாப்பிட்ட "சீக்கிய" எலிகள் முதலிடம். கடைசி இடம் யாருக்கு? "மதராஸி" எலிகளுக்கு.

இதைப் படிச்சப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க இப்படி மக்களைத் தரம் பிரிச்சு, "இவன் வீரன், இவன் சோப்ளாங்கி"ன்னு முத்திரை குத்துறது வழக்கம். இந்தச் சோதனையையும் அதுக்குப் பயன்படுத்திக்கிட்டாங்க. ஆனா கோவம் தணிஞ்சு அந்த எலியோட தட்டுல என்ன இருந்துச்சுன்னு பார்த்தா: நிறையத் தீட்டின அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், பால் அரிதா. ஆபீஸ் கேன்டீன்ல என் தட்டு!

தோத்தது மதராஸி இல்ல, அந்தத் தட்டுதான். அதே மதராஸிக்குப் பாலும் பருப்பும் கீரையும் கூடக் கொடுத்திருந்தா முடிவு மாறியிருக்கும்.

1930-களில் காந்தியும் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தது இந்தப் பின்னணியில்தான். அந்தச் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா, தன் கடைசிக் காலத்தைக் கழித்தது எங்க ஊருக்கு அதிகத் தூரமில்லாத டி.கல்லுப்பட்டியில். ஆனா மில்லை யாராலும் நிறுத்த முடியல. அதுக்குக் காரணத்தையும் அம்மாச்சிதான் சொன்னாங்க. "உலக்கை பிடிச்சது யாரு? நாங்கதான். மில்லு வந்தன்னைக்குத்தான் என் தோள்பட்டை ஓஞ்சுச்சு." கைக்குத்தல் அரிசி நல்லதுன்னு எழுதின யாரும், குத்துற கையோட களைப்பைக் கணக்குல சேர்க்கல.

மலைக்குப் போற ஜீப்பு

இப்ப அம்மா கதைக்கு வர்றேன்.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போயின. மாநிலத்தின் பேர் மாறியது, வேலை மாறவில்லை. இன்னைக்கும் கம்பம், போடி, கூடலூர்ப் பக்கத்துல இருந்து விடியக்காலை இருட்டுல ஜீப்பு கிளம்பும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியா மலையேறும். உள்ள உட்கார்ந்திருக்கிறதுல பெரும்பாலும் பொம்பளைங்க. ஏலக்காய் பறிக்கப் போறவங்க.

அம்மாவோட ஒரு நாள் சாப்பாட்டைக் கேளுங்க. நாலு மணிக்கு ஒரு வரக்காப்பி. தூக்குவாளியில முந்தின நாள் சோறு, ஒரு ஊறுகாயோ துவையலோ. வெஞ்சனம்னு தனியா எதுவும் இருக்காது. இருந்தா அது எங்களுக்கு. பத்து மணிக்கு ஒரு டீ. ஒரு மணிக்கு அந்தச் சோறு, உடனே இன்னொரு டீ. நாலு மணிக்கு ஒரு டீ. ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருக்கிறது.

பழைய சோத்துல தப்பில்ல. நீச்சத்தண்ணி வெயிலுக்கு நல்லது; ஆறின சோத்துல மாவுச் சத்து கொஞ்சம் மெதுவாத்தான் செரிக்கும். பிரச்சினை, அதோட கூட எதுவும் இல்லாததுதான். இரும்புச் சத்து கிடைக்கிற கீரை, பயறு, முட்டை, கறி எதுவும் தினமும் இல்ல. கிடைக்கிற கொஞ்சத்தையும் சாப்பாட்டோட குடிக்கிற டீ உடம்புல சேர விடாது. தேயிலையில இருக்கிற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடிச்சுக்கும். மாசாமாசம் ரத்தம் போகும். ரத்தத்துல இரும்பு குறைஞ்சா உடம்புக்குப் போற ஆக்சிஜன் குறையும். மலை ஏறினா மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினா அசதி. அசதிக்கு என்ன மருந்து? இன்னொரு டீ.

பசியை அமுக்குறதுக்கும் களைப்பை மறைக்கிறதுக்கும் இவ்வளவு மலிவா வேற எதுவும் கிடைக்காது. எங்க மலையில விளையுற தேயிலையே எங்க அம்மாவுக்கு இரும்பு சேராம பார்த்துக்கிச்சு.

அம்மா தனி ஆள் இல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இதைக் கேட்டுட்டு இருக்கிற பெண்கள்ல எத்தனை பேர் "எனக்கு எப்பவுமே இப்படித்தான்"னு நினைச்சுட்டு இருக்கீங்களோ, தெரியல.

மணி அடிச்சா சோறு

இந்தக் கதையில நல்லதும் நடந்திருக்கு. பசியால வர்ற களைப்பைப் பள்ளிக்கூடத்துல ஒழிக்க முடியும்னு தமிழ்நாடு நம்புச்சு. 1956-ல் காமராஜர் மதிய உணவு. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் சத்துணவு. சின்ன வயசுப் பசியைப் பத்தி வெளிப்படையாப் பேசின அவர், பின்னாடி எங்க ஆண்டிபட்டித் தொகுதியில நின்னவர். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள், அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும்.

ஜீப்பு நாலரைக்குக் கிளம்புற வீட்டுல, பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு யார் செய்றது? நான் ரெண்டாவது படிக்கும்போது காலை பத்தரை மணிக்குப் பெஞ்சுல தலை வச்சுத் தூங்கினதுக்காக முட்டி போட்டிருக்கேன். அப்ப இந்த உப்புமா இருந்திருந்தா முட்டி தப்பிச்சிருக்கும்.

ரேஷன் அரிசியும் அப்படித்தான். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இருந்து இலவசம். "நெல்லுச்சோறு" விசேஷ நாள்ல இருந்து தினசரி தட்டுக்கு வந்தது பெரிய விடுதலை. சோறு உடம்பைக் கெடுக்குதுன்னு இப்ப நம்ம சொன்னா அம்மாச்சிக்குக் கோவம் வர்றது நியாயம். அவங்களுக்குச் சோறு கௌரவம்.

ஆனா தட்டுல சோறு கூடின வேகத்துல பருப்பும் கீரையும் முட்டையும் கூடல. அரசாங்கமே இதை உணர்ந்துதான் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசியைக் கொடுத்துச்சு. எல்லாத்தையும் அரிசி வழியாவே கொடுக்க வேண்டிய நிலைமைக்கு நம்ம தட்டு வந்திருந்துச்சு.

அப்ப மூணு மணிக்கு என்ன பண்றது?

இப்ப என் கொட்டாவிக்கு வர்றேன். மத்தியானம் ரெண்டுல இருந்து நாலுக்குள்ள கொஞ்சம் மந்தமாகிறது மனுஷ உடம்போட கடிகாரத்துலயே இருக்கு. சாப்பிடாம இருந்தாலும் வரும். ஒரு குவியல் சோத்தை வேகமாச் சாப்பிட்டா அந்த மந்தம் இன்னும் கூடும். சோத்தைக் குறைச்சு, பயறோ முட்டையோ மீனோ காயோ கூட்டினா, சர்க்கரை மெதுவா ஏறி மெதுவா இறங்கும். கண்ணு சொருகுறதும் குறையும். நான் பண்ணிப் பார்த்தேன். கொட்டாவி ஒழியல, ஆனா கேமராவை ஆன்ல வச்சிருக்கிற அளவுக்கு வந்திருக்கேன்.

சோத்துக்குப் பதிலா அதே குவியல் அளவு தினை நூடுல்ஸ் சாப்பிட்டா சரியாயிடுமா? ஆகாது. நல்லாத் தீட்டி மாவாக்கின சிறுதானியமும் மாவுச் சத்துதான். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டா அறிவிச்ச பிறகு, கடைகள்ல கம்பு விலை ஏறினதைப் பார்த்து அம்மாச்சி சிரிச்சாங்க. "அன்னைக்கு நாங்க தின்னா ஏழை, இன்னைக்கு நீங்க தின்னா பணக்காரன்."

அம்மா இப்ப தேறிட்டாங்க. மாத்திரை, வாரத்துக்கு நாலு முட்டை, முருங்கைக்கீரை, ஒரு நெல்லிக்காய். டீயைச் சாப்பாட்டுல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி வச்சாங்க. அதுதான் அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம். ஆறு மாசத்துல 11.2. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா திண்ணையில உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காவோட சத்தமாச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல அம்மா முழிச்சிருந்து நான் பார்த்ததே இல்ல. "என்னம்மா, படுக்கலயா?"ன்னு கேட்டேன். "எதுக்கு?"ன்னு கேட்டாங்க.

உண்ட மயக்கத்துக்குப் பழமொழி இருக்கு. உண்ணாத மயக்கத்துக்கு, பாதி உண்ட மயக்கத்துக்கு, இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லி வைக்கல; அதைச் சோம்பல்னுதான் பேர் வச்சுக் கூப்பிட்டுட்டு இருக்கோம். இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேளுங்க. வழக்கமாக் கேக்குற கேள்விதான். "சோறு"ன்னு பதில் வந்தா, "கூட என்ன?"ன்னும் கேளுங்க.